ரஷ்யக் கதைகளைச் சொல்லும்போது செய்யக்கூடாதவை

கோடை விடுமுறை வந்தால் கதை சொல்லக் கிளம்புகிற புதியவர்கள் கூடிவிடுகிறார்கள். பலருடைய பையிலும் ஒரு ரஷ்யக் கதையாவது இருக்கிறது. பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் நாங்கள் தொடங்கிய காலத்தில் செய்த அதே பிழைகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கும்போது சும்மா இருக்க முடியவில்லை.

பெயர் வாயில் நுழையவில்லை, வேகமாகச் சொல்லிவிட்டேன் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. நாலு தடவை சொன்னால் அவை தானே சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

நாட்டுப்புறக் கதை என்றாலே குழந்தைகளுக்கு என்று நினைப்பது

ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளுக்கு அடித்தளம் அலெக்சாந்தர் அஃபனாஸ்யெவ் தொகுத்த பெருந்தொகுதி. 1855 முதல் 1863 வரை எட்டுப் பகுதிகளாக வெளிவந்தது. ஏறத்தாழ 600 கதைகள். அவரே நேரில் கேட்டு எழுதியவை மிகக் குறைவு. ரஷ்யப் புவியியல் கழகத்தின் ஆவணங்களிலிருந்தும், அகராதி தொகுத்த விளாதிமிர் தால் கொடுத்த சேகரிப்பிலிருந்தும் வந்தவை ஏராளம்.

இந்தக் கதைகளைச் சொன்னவர்களும் கேட்டவர்களும் பெரும்பாலும் பெரியவர்கள்தான். குளிர்கால இரவுகளில் நூல் நூற்றுக்கொண்டு கேட்டார்கள். மரம் வெட்டவும் மீன் பிடிக்கவும் போன இடங்களில் வேலை முடிந்த பிறகு கேட்டார்கள். அதனால் இந்தத் தொகுதியில் துரோகம், கொலை, பாதிரியாரை ஏமாற்றுகிற வேலைக்காரன் எல்லாம் உண்டு. ஆபாசக் கதைகளை அவர் தனியே ஒதுக்கி வைத்திருந்தார். அவை பெயர் போடாமல் ஜெனீவாவில் அச்சாயின. மக்கள் நடுவே வழங்கிய சமயக் கதைகளைத் தொகுத்து 1859-இல் அவர் வெளியிட்ட நூலுக்குத் தடை விழுந்தது. குழந்தைகளுக்கு என்று அவரே பொறுக்கியெடுத்துத் தனியாக வெளியிட்டது 1870-இல்தான்.

ஆக, குழந்தைகளுக்கான புத்தகத்தில் நாம் படிப்பது பெரும்பாலும் பின்னால் ஒருவர் உட்கார்ந்து மாற்றி எழுதிய வடிவம். அதில் தப்பே இல்லை. கையில் இருப்பது எந்த வடிவம் என்று தெரிந்திருந்தால் போதும். டர்னிப் கிழங்குக் கதை எல்லாருக்கும் தெரியும்: பிடுங்க வராத கிழங்கை இழுக்க ஒவ்வொருவராக வருகிறார்கள், தாத்தா, பாட்டி, பேத்தி, நாய், பூனை, கடைசியில் எலி. அஃபனாஸ்யெவ் தொகுதியில் உள்ள ஆர்க்கேஞ்சல் பகுதி வடிவத்தில் பூனையும் கிடையாது, எலியும் கிடையாது. நாய்க்குட்டிக்கு அடுத்து ஒரு கால் வருகிறது. அப்புறம் இன்னொரு கால். இப்படி ஐந்து கால்கள் வந்து இழுத்த பிறகுதான் கிழங்கு வெளியே வருகிறது. யாருடைய கால், எங்கிருந்து வந்தது, ஒன்றும் சொல்வதில்லை. பெரியவர்களின் வாசிப்புக் கூட்டத்தில் இதைப் படித்துப் பாருங்கள், ஒரு மணி நேரம் பேசுவார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு எலியே போதும்.

பாபா யாகாவை வெறும் கெட்ட கிழவி ஆக்குவது

பாபா யாகா ரஷ்யக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் காட்டுக் கிழவி. எனக்கு இன்னும் எரிச்சல் தீராதது இதில்தான். நல்ல குரலும் நல்ல உடல்மொழியும் உள்ளவர்கள்கூட இதைச் செய்கிறார்கள் என்பதால் கூடுதல் எரிச்சல்.

ஒரு நூலகத்தில் வசிலிசா கதையை ஒருவர் சொல்லக் கேட்டேன். மாற்றாந்தாய் வசிலிசாவைக் காட்டுக்கு அனுப்புகிறாள். அங்கே பொல்லாத சூனியக்காரி பாபா யாகா. வசிலிசா அவளை அடுப்புக்குள் தள்ளிவிட்டு வீட்டுக்கு ஓடி வந்துவிடுகிறாள். நல்லவர்களுக்கு நல்லதே நடக்கும், எல்லாரும் கை தட்டுங்கள். தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி மட்டும் கேட்டாள்: "அவ நெருப்பு வாங்கத்தானே போனா? நெருப்பு எங்க?"

கதையையே பிடித்துவிட்டாள் அந்தப் பிள்ளை. சொன்னவரிடம் பதில் இல்லை, ஏனென்றால் பதில் இருந்த இடத்தைத்தான் அவர் வெட்டி எறிந்திருந்தார். அடுப்பில் தள்ளுவது ரஷ்யக் கதைகளிலும் உண்டு, ஆனால் அது வேறு பிள்ளையின் கதை. வசிலிசாவின் கதையில் நடப்பது என்ன என்று பார்ப்போம்.

எட்டு வயதில் தாய் இறக்கிறாள். இறக்கும்போது மகளிடம் ஒரு பொம்மையைக் கொடுத்து, இதற்குச் சாப்பாடு கொடு, கஷ்டம் வந்தால் இதனிடம் கேள் என்கிறாள். பிறகு மாற்றாந்தாய் வருகிறாள், அவளுடைய இரண்டு மகள்களும் வருகிறார்கள். ஓர் இரவு வேண்டுமென்றே விளக்கை அணைத்துவிட்டு, பாபா யாகாவிடம் போய் நெருப்பு வாங்கி வா என்று வசிலிசாவைத் தள்ளிவிடுகிறார்கள். வழியில் வெள்ளைக் குதிரைக்காரன் கடக்கிறான், பொழுது புலர்கிறது. சிவப்புக் குதிரைக்காரன் கடக்கிறான், சூரியன் எழுகிறது. மாலையில் அந்த வீட்டை அடைகிறாள். வேலி முழுக்க மனித எலும்பு, மேலே கண்களோடு மண்டையோடுகள். கதவுக்குப் பூட்டு இருக்க வேண்டிய இடத்தில் கூரான பற்களுள்ள வாய். கறுப்புக் குதிரைக்காரன் வாசலில் மறைகிறான், இரவாகிறது. மண்டையோடுகளின் கண்கள் எரியத் தொடங்குகின்றன.

பாபா யாகா அவளைத் தின்றுவிடவில்லை, வேலை கொடுக்கிறாள். முற்றத்தைக் கூட்டு, சமையல் செய், துணி துவை, கோதுமையில் கலந்திருப்பதைப் பொறுக்கு. மறுநாள் கசகசாவில் ஒட்டிய மண்ணைப் பிரித்தெடு. பொம்மை உதவுகிறது, வேலை முடிகிறது. அப்புறம் கிழவி, ஏன் பேசாமல் நிற்கிறாய், கேட்க வேண்டியதைக் கேள் என்கிறாள். நிறைய தெரிந்துகொண்டால் சீக்கிரம் கிழடாகிப்போவாய் என்று எச்சரிக்கவும் செய்கிறாள். வசிலிசா மூன்று குதிரைக்காரர்களைப் பற்றி மட்டும் கேட்கிறாள். வீட்டுக்குள்ளே அந்தரத்தில் தோன்றித் தானியத்தை அள்ளிப்போன மூன்று ஜோடிக் கைகளை அவள் பார்த்திருக்கிறாள். அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. பாபா யாகா சொல்கிறாள்: வெளியே பார்த்ததை மட்டும் கேட்டாய், பிழைத்தாய், என் வீட்டுச் சங்கதி வெளியே போவது எனக்குப் பிடிக்காது.

இந்தக் கேள்வி பதில்தான் கதையின் முதுகெலும்பு. வசிலிசா வென்றது நல்லவளாக இருந்ததால் மட்டுமல்ல, எதைக் கேட்கக்கூடாது என்று அந்த இடத்தில் அறிந்திருந்ததால். பிறகு கிழவியும் தன் முறைக்கு ஒரு கேள்வி கேட்கிறாள், இவ்வளவு வேலையை எப்படி முடித்தாய் என்று. அம்மாவின் ஆசி என்கிறாள் வசிலிசா. ஆசி பெற்றவர்களுக்கு இங்கே இடமில்லை என்று அவளை வெளியே தள்ளி, வேலியிலிருந்து எரியும் கண்களுள்ள ஒரு மண்டையோட்டை எடுத்துக் குச்சியில் செருகி, இந்தா, இதற்குத்தானே உன்னை அனுப்பினார்கள் என்று கொடுக்கிறாள். கேட்ட நெருப்பைக் கேட்டபடி கொடுக்கிறாள்! அந்த நெருப்பு வீட்டுக்குப் போனதும் மாற்றாந்தாயையும் அவள் மகள்களையும் போகிற இடமெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கிறது. விடியும்போது அவர்கள் கரியாகிக் கிடக்கிறார்கள். வசிலிசாவை அது தொடவில்லை. காலையில் அவள் மண்டையோட்டைப் புதைத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு நகரத்துக்குக் கிளம்புகிறாள்.

மண்டையோட்டை எடுத்துவிட்டால் அவள் காட்டுக்குப் போனதற்கே காரணமில்லை. யாகாவைக் கொன்றுவிட்டால் சோதிக்க ஆளில்லை. இதே கிழவி தவளை இளவரசி கதையில் இவானுக்குச் சோறு போட்டு, சாகாவரம் பெற்ற கஷ்சேயின் உயிர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று வழி சொல்லி அனுப்புகிறாள். ஒரு கதையில் அவளைச் சூனியக்காரி என்று முடித்துவைத்தால் அடுத்த கதையில் பிள்ளைகளிடம் என்ன சொல்வீர்கள்?

பயந்துவிடுவார்களே என்பார்கள். சரி, பயப்படுகிற வயது என்றால் இந்தக் கதையை எடுக்காதீர்கள். தம்பியைத் தூக்கிப்போகும் வாத்துகளின் கதை இருக்கிறது, அதிலும் பாபா யாகா வருகிறாள், அளவாகப் பயமுறுத்துகிறாள். எட்டு வயதுக்கு மேல் என்றால் வசிலிசாவை முழுசாகச் சொல்லுங்கள். மண்டையோட்டு வேலி வரும்போது அலறாதீர்கள், கண்ணை உருட்டாதீர்கள். வீட்டு அடையாளம் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொல்லிவிட்டுப் போங்கள். பிள்ளைகள் நடுங்குவது பெரும்பாலும் சொல்பவரின் கூச்சலுக்குத்தான்.

திரும்ப வருவதைச் சுருக்குவது

'இப்படியே ஓநாயிடமும் கரடியிடமும் தப்பித்தான்' என்று கொலபோக் கதையைச் சொல்கிறவர்கள் உண்டு. பாட்டி பெட்டியைச் சுரண்டி, தானியக் களஞ்சியத்தைப் பெருக்கி, கிடைத்த இரண்டு கைப்பிடி மாவில் சுட்ட ரொட்டி உருண்டை அது. முயலிடம் அது பாடுகிறது: தாத்தாவிடம் தப்பினேன், பாட்டியிடம் தப்பினேன். ஓநாயிடம் பாடும்போது முயலும் சேருகிறது, கரடியிடம் பாடும்போது ஓநாயும் சேருகிறது. பாட்டு நீள நீளக் கர்வமும் நீள்கிறது. நரி, காது சரியாகக் கேட்கவில்லை, என் நாக்கின் மேல் ஏறிப் பாடு என்னும்போது பிள்ளைகளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. சுருக்கினால் அந்தத் தெரிதல் போய்விடும்.

கடைசியில் நீதி ஒட்டுவது

டால்ஸ்டாய் 1859-இல் தன் ஊரான யாஸ்னயா பல்யானாவில் விவசாயிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். 1872-இலும் 1875-இலும் பிள்ளைகளுக்கான பாடநூல்களை எழுதினார். மூன்று கரடிகள் கதையை ஆங்கிலத்திலிருந்து எடுத்து, கரடிகளுக்கு ரஷ்யப் பெயர் வைத்துச் சொன்னதும் அவர்தான்.

அவருடைய 'தாவல்' என்ற சின்னக் கதையைப் பாருங்கள். கப்பலில் ஒரு குரங்கு, கேப்டனின் மகனுடைய தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு பாய்மரத்தில் ஏறுகிறது. பையன் துரத்தி ஏறி, உச்சியில் குறுக்குக் கட்டையின் மேல் நிற்கிறான். தவறினால் தளத்தில் விழுந்து செத்துவிடுவான். தந்தை துப்பாக்கியைக் குறிவைத்து, கடலில் குதி, இல்லாவிட்டால் சுடுவேன் என்கிறார். குதிக்கிறான், மாலுமிகள் தூக்கிவிடுகிறார்கள். மகனுக்கு மூச்சு வந்ததைப் பார்த்த கேப்டன் தொண்டை அடைத்ததுபோல் ஒரு சத்தம் எழுப்பி, தான் அழுவதை யாரும் பார்த்துவிடாமல் இருக்கத் தன் அறைக்கு ஓடுகிறார்.

அவ்வளவுதான் கதை. அங்கே வாயை மூடுங்கள். பெற்றோர் சொல் கேட்க வேண்டும் என்று நீங்கள் சேர்த்தால், அப்பா எதற்கு ஓடினார் என்று எந்தப் பிள்ளையும் யோசிக்காது.

புஷ்கினை நாட்டுப்புறக் கணக்கில் எழுதுவது

மீனவனும் தங்கமீனும் 1833-இல் புஷ்கின் எழுதிய கவிதைக் கதை. அதன் வேர் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட ஜெர்மன் கதையில் இருக்கிறது. தங்கச் சேவல் கதைக்கு வாஷிங்டன் இர்விங் எழுதியதுதான் மூலம் என்று 1933-இல் காட்டியவர் கவிஞர் அன்னா அக்மதோவா. 'ரஷ்ய மண்ணில் ஆயிரம் ஆண்டுகளாக' என்று இதற்கெல்லாம் முன்னுரை சொல்லாதீர்கள்.

சோவியத் புத்தகம் எல்லாம் ரஷ்யா என்பது

மாஸ்கோவில் தமிழில் அச்சாகி இங்கே மலிவாகக் கிடைத்த புத்தகங்களால் வந்த பழக்கம் இது. 'முதல் ஆசிரியர்' எழுதிய அய்த்மாத்தவ் கிர்கீஸியர். கதை நடப்பதும் கிர்கீஸியக் கிராமத்தில். பனியில் விழுந்த கையுறைக்குள் மிருகங்கள் ஒவ்வொன்றாகக் குடியேறும் கதை உக்ரைனுடையது. ஊர் பெயரைச் சரியாகச் சொல்ல இரண்டு விநாடி ஆகாது.

பிராப்பிலிருந்து தொடங்குவது

பிராப் என்பவர் ரஷ்ய மாயக்கதைகளின் அமைப்பை ஆராய்ந்த அறிஞர். கதைகளில் திரும்பத் திரும்ப வருவதாக அவர் பட்டியலிட்ட 31 செயல்களும் 1928-ஆம் ஆண்டு ஆராய்ச்சியும் எங்கேயும் போய்விடாது. முதலில் கதைகள்.

பெரியவர்களுக்கு 'போரும் அமைதியும்' கொடுத்துத் தொடங்குவது

வேண்டாம். செகாவின் 'வான்கா' போதும். செருப்புத் தைப்பவரிடம் வேலை கற்க விடப்பட்ட ஒன்பது வயதுப் பையன், கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் தாத்தாவுக்குக் கடிதம் எழுதி, உறையில் 'கிராமத்திலுள்ள தாத்தாவுக்கு' என்று முகவரி போடுகிறான். யோசித்து, தாத்தாவின் பெயரையும் சேர்க்கிறான். ஊர்ப் பெயர் இல்லை.

ஒன்பது வயதுப் பையன் வருகிறான் என்பதற்காக இதை அந்த வயதுப் பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறார்கள். தாத்தா எப்போது வந்தார் என்று அது கேட்கும். பிள்ளைகளுக்குச் செகாவ் வேண்டுமென்றால் 'கஷ்தான்கா' இருக்கிறது, தச்சரைத் தொலைத்துவிட்டுச் சர்க்கஸ் கோமாளி வீட்டில் சேரும் நாயின் கதை. நடுவில் வாத்து சாகிற அத்தியாயத்தைத் தாண்டிப் போகாமல் சொல்லுங்கள்.