என்ஜின் லாக் புக்கில் தடுமாற வைக்கும் சொற்கள்

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் வரை நெடுஞ்சாலையோரம் லாரி ஷெட்டுகளுக்குக் குறைவில்லை. இந்தப் பக்கத்திலிருந்து விமானப் பராமரிப்புப் படிப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஸ்பேனர் புதிதல்ல. அது பெரிய பலம். சிக்கல் வருவது சொற்களில்தான். ஷெட்டில் புழங்கும் அதே சொல், விமான என்ஜின் கையேட்டில் வேறு வேலையைக் குறிக்கும். ஓசூர் அருகே பேளகொண்டப்பள்ளி ஓடுதளமோ, பெங்களூரு ஹேங்கரோ, எங்கே வேலை பார்த்தாலும் அடுத்த ஷிஃப்ட் உங்களைக் கேட்டுக்கொண்டிருக்காது. லாக் புக்கில் எழுதியிருப்பதைப் படித்துத்தான் கருவியை எடுக்கும்.

முதல் தவறு "ஓவர்ஹால்". ஷெட்டில் ரிங், பேரிங் மாற்றினாலே "ஓவராயில் ஆச்சு" என்பார்கள். விமானத்தில் அப்படி இல்லை. முழுவதும் பிரித்து, கழுவி, பாகம் பாகமாக ஆய்ந்து, தேவையானதைச் சரிசெய்து, திரும்பக் கோத்து, அங்கீகரிக்கப்பட்ட முறைப்படி சோதித்தால்தான் ஓவர்ஹால். ஒரு சிலிண்டரை மட்டும் மாற்றினால் அது ரிப்பேர். ரிப்பேரை ஓவர்ஹால் என்று எழுதினால், ஓவர்ஹாலுக்குப் பிந்தைய மணிக்கணக்கு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கிவிடும். சிறு விமானங்களில் வரும் லைகமிங் நிறுவனத்தின் பல நான்கு சிலிண்டர் என்ஜின்களுக்கு ஓவர்ஹால் இடைவெளி 2,000 மணி நேரம் அல்லது 12 ஆண்டு, எது முந்துகிறதோ அது. கணக்கு பிசகினால் அந்த எல்லை எப்போது தாண்டியது என்பதே தெரியாமல் போகும்.

உண்மையான ஓவர்ஹாலுக்குப் பிறகும், புதிதாக வந்த நாள் முதலான மொத்தக் கணக்கு அழியாது. டர்பைன் டிஸ்க் போன்ற ஆயுள் வரம்புள்ள பாகங்களுக்கு மணியைவிட சைக்கிள் (ஸ்டார்ட் முதல் நிறுத்தம் வரையான ஒரு சுற்று) கணக்குதான் முக்கியம். ஒவ்வொரு முறை என்ஜின் சூடேறி முழு வேகம் எடுத்துக் குளிரும்போதும் டிஸ்க் களைக்கிறது. இரண்டு என்ஜின்கள் தலா 10,000 மணி ஓடியிருக்கலாம். ஒரு மணி நேரப் பயணங்களாக ஓடியதற்கு 10,000 சைக்கிள், ஐந்து மணி நேரப் பயணங்களாக ஓடியதற்கு 2,000. இரண்டையும் ஒன்றாகப் பார்க்க முடியாது.

"என்-1" என்று மட்டும் எழுதுவதும் ஆபத்து. ஏ320, போயிங் 737 ஆகியவற்றில் வரும் சிஎஃப்எம்56 என்ஜினில் அது ஃபேன் இருக்கும் லோ பிரஷர் ஷாஃப்டின் வேகம். கிங் ஏர் விமானத்தின் பிடி6 டர்போபிராப்பில் அதே பெயர் கேஸ் ஜெனரேட்டர் (கம்ப்ரசரும் அதைச் சுழற்றும் டர்பைனும் உள்ள பகுதி) வேகத்தைக் குறிக்கும். புரொப்பெல்லர் பக்கத்து பவர் டர்பைன் தனி ஷாஃப்ட். மூன்று ஷாஃப்ட் கொண்ட ரோல்ஸ்-ராய்ஸ் டிரெண்ட் என்ஜினில் ஹை பிரஷர் வேகத்துக்கு என்-3 என்று பெயர். வெப்பநிலையும் இப்படித்தான். பிடி6-இல் பார்ப்பது இரு டர்பைன்களுக்கு இடையிலான வெப்பநிலை, ஐடிடி. அதை ஈஜிடி (வெளியேறும் வாயுவின் வெப்பநிலை) என்று எழுதினால், ஒப்பிட வேண்டிய வரம்பே மாறிவிடும். என்ஜின் மாடலையும் அளவின் முழுப் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.

ஸ்டார்ட் ஆகாத என்ஜின்

இங்கேதான் அதிகம் குழம்புகிறார்கள். "ஸ்டார்ட் ஆகலை" என்பது யாருக்கும் உதவாத பதிவு. எரிபொருள் போயும் பற்றாவிட்டால் வெட் ஸ்டார்ட்: பொறி தரும் இக்னைட்டர், அதற்கு மின்சாரம் கொடுக்கும் எக்ஸைட்டர் பக்கம் பார்க்க வேண்டும். பற்றிக்கொண்டும் வேகம் ஐடில் (சும்மா ஓடும் வேகம்) வரை ஏறாமல் நின்றுவிட்டால் ஹங் ஸ்டார்ட்: ஸ்டார்ட்டருக்குப் போதிய காற்றோ மின்சாரமோ வருகிறதா, எரிபொருள் கட்டுப்பாடு சரியா என்று தேட வேண்டும். வெப்பநிலை வரம்பைத் தாண்டினால் ஹாட் ஸ்டார்ட். அதில் காரணம் தேடினால் மட்டும் போதாது. எவ்வளவு உச்சம், எத்தனை விநாடி என்று குறித்தால்தான் எரிப்பறை, டர்பைன் அடங்கிய ஹாட் செக்‌ஷனைப் பரிசோதிக்க வேண்டுமா என்பதைக் கையேட்டு வரைபடத்தில் பார்க்க முடியும். விநாடியை எழுதாமல் விட்டால் வரைபடம் பயன்படாது.

வெட் ஸ்டார்ட்டுக்குப் பிறகு எரிபொருளை நிறுத்தி, டிரை மோட்டரிங் (பற்றவைக்காமல் ஸ்டார்ட்டரால் சுழற்றுவது) செய்து, உள்ளே தேங்கியதை ஊதி வெளியேற்ற வேண்டும். டிரை என்றால் எரிபொருளும் இல்லை, இக்னிஷனும் இல்லை. வெட் மோட்டரிங்கில் இக்னிஷன் மட்டும் இல்லை, எரிபொருள் உண்டு. கசிவு பார்க்கச் செய்வது. இரண்டையும் மாற்றிச் செய்தால் ஏற்கெனவே நனைந்திருக்கும் என்ஜினுக்குள் இன்னும் எரிபொருள் சேரும். அடுத்த ஸ்டார்ட்டில் பின்பக்கம் தீ கக்கும்.

பிளேடில் "அடி"

கம்ப்ரசர் பிளேடில் எதைக் கண்டாலும் "அடி பட்டிருக்கு" என்பது பழக்கம். விளிம்பில் கூர்மையான அடிப்பகுதியுடன் வெட்டியிருந்தால் நிக். உலோகம் போகாமல், வழவழப்பாகக் குழிந்திருந்தால் டென்ட். மெல்லிய ஆழமற்ற கோடு ஸ்கிராட்ச். நிக்கின் கூர்முனையில் அழுத்தம் குவிந்து விரிசல் கிளம்பும்; ஆகவே அதே ஆழத்தில் டென்டுக்குப் பொருந்தும் வரம்பு நிக்குக்குப் பொருந்தாமல் போகலாம். பதிவு இப்படி இருக்கட்டும்: எத்தனையாவது ஸ்டேஜ் (பிளேடு வரிசை), எத்தனையாவது பிளேடு, முன்விளிம்பா பின்விளிம்பா, நுனியிலிருந்து எத்தனை மில்லிமீட்டர், சேதத்தின் வகை, நீளம், ஆழம். வெளியிலிருந்து வந்த கல், போல்ட் அடித்ததா, என்ஜினின் சொந்தப் பாகமே உடைந்து அடித்ததா என்பதையும் பிரித்து எழுத வேண்டும். இரண்டாவதென்றால் உடைந்த பாகத்தைத் தேடாமல் என்ஜினை விடக்கூடாது.

டார்க்கில், அதாவது முறுக்கும் அளவில், அலகை விழுங்கிவிடுவது இன்னொரு தவறு. லைகமிங் ஸ்பார்க் பிளக்குக்கு 35 பவுண்டு-அடி. அதாவது 420 பவுண்டு-அங்குலம், சுமார் 47 நியூட்டன்-மீட்டர். "35" என்று மட்டும் சொல்லி, பவுண்டு-அங்குல டார்க் ரெஞ்சில் வைத்தால் பிளக் கைத் திருகலில்தான் நிற்கும். ரெஞ்சின் முனையில் நேராக எக்ஸ்டென்ஷன் போட்டால் அளவையும் குறைக்க வேண்டும்: ரெஞ்ச் நீளம் 10 அங்குலம், எக்ஸ்டென்ஷன் 2 அங்குலம் என்றால், 420-ஐ 10-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்து 350-இல் வையுங்கள். எக்ஸ்டென்ஷனை ரெஞ்சுக்குச் செங்கோணத்தில் திருப்பி மாட்டினால் இந்தத் திருத்தம் தேவையில்லை.

"செக் பண்ணியாச்சு" என்பதும் முழுமையற்ற பதிவு. ஆபரேஷனல் செக் என்றால் வேலை செய்கிறதா என்று பார்த்தால் போதும். ஃபங்ஷனல் செக்கில் அளவு வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; எண்ணை எழுதாவிட்டால் அந்த வேலை செய்யப்பட்டதாகவே கொள்ள முடியாது.

கையேட்டில் வார்னிங் என்று இருந்தால் ஆளுக்கு ஆபத்து, காஷன் என்றால் கருவிக்குச் சேதம், நோட் என்றால் வேலைக்கு உதவும் குறிப்பு. வார்னிங்கும் காஷனும் அந்தப் படிக்கு முன்னால் அச்சாகியிருப்பது, கை வைப்பதற்கு முன் படிக்க வேண்டும் என்பதற்காக.