பழைய கேபினட்டில் புதிய கம்ப்யூட்டரைப் பொருத்தும் முறை

பரணில் கிடக்கும் பழைய கேபினட்டைக் காயலான் கடைக்குப் போடுவதா, வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்கும் முன் அதன் பின்புறத்தை ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். கீபோர்டு, மவுஸ், யுஎஸ்பி ஆகியவற்றுக்கான துளைகள் யாவும் ஒரே செவ்வகத் திறப்புக்குள் அடங்கி, அத்திறப்பு ஏறத்தாழ 159 மி.மீ. நீளமும் 44.5 மி.மீ. உயரமும் கொண்டிருந்தால், அது இன்டெல் நிறுவனம் 1995இல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். அளவுமுறையைச் சேர்ந்தது. இன்று விற்கும் மதர்போர்டுகளும் அதே முறையின் வழிவந்தவை என்பதால் அவை அதில் பெரும்பாலும் பொருந்திவிடும். கீபோர்டுக்கென்று ஒரு வட்டத் துளை மட்டும் இருந்தால் அது அதற்கும் முந்தைய ஏ.டி. வகை, அவ்வகையில் பலவற்றில் 230 வோல்ட் மின்சாரம் முகப்பில் உள்ள சுவிட்ச் வரை நேரடியாக வரும். கம்ப்யூட்டரின் வேகத்தை மாற்றிய அந்தக் காலத்து டர்போ பொத்தான் மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும், தகடு வெட்டும் பழக்கம் இல்லாதவர்கள் இதில் இறங்காமல் இருப்பதே நல்லது. பெரிய நிறுவனங்கள் தயார் நிலையில் விற்ற கம்ப்யூட்டர்களின் கேபினட்டுகள் சிலவற்றில் அந்தப் பின்பக்கத் திறப்பை மூடும் துளைத் தகடு கழற்ற முடியாதபடி உடலோடு சேர்ந்தே இருக்கும், புதிய போர்டின் துளைகள் அதற்குப் பொருந்தாது. அதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

மதர்போர்டைப் பொறுத்தவரை, 244 மி.மீ. சதுரமான மைக்ரோ ஏ.டி.எக்ஸ். அளவே பழைய கேபினட்டுக்கு ஏற்றது. முழு ஏ.டி.எக்ஸ். போர்டு 305 மி.மீ. உயரம் கொண்டது, துளைகள் பொருந்தினாலும், மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸும் ஹார்ட் டிஸ்க் கூண்டும் இடத்தை அடைத்துக்கொள்வதால் கேபிள் செருகவே கை நுழையாது. விலை குறைந்த மைக்ரோ போர்டுகளில் பல 244 மி.மீ. அகலம்கூட இல்லாதவை என்பதால், அவற்றின் முன்விளிம்பு திருகின் பிடிப்பின்றி அந்தரத்தில் நிற்கும். போர்டுக்கு மின்சாரம் தரும் 24 பின் இணைப்பு பெரும்பாலும் அந்த விளிம்பில்தான் இருக்கிறது. அதை அழுத்திச் செருகும்போது போர்டு வளையாதபடி அடியில் விரலைக் கொடுத்துத் தாங்கிக்கொள்ள வேண்டும். பழைய போர்டுக்காகப் பொருத்தியிருந்த பித்தளை ஸ்டாண்ட்ஆஃப்களில் (போர்டைத் தகட்டில் படாமல் உயர்த்திப் பிடிக்கும் குட்டைக் கால்கள்), புதிய போர்டின் துளைக்கு நேராக வராதவற்றை ஒன்றுவிடாமல் கழற்றிவிட வேண்டும். ஒன்று மிச்சமிருந்தாலும் அது போர்டின் அடிப்பக்க இணைப்புகளைத் தொட்டு ஷார்ட் ஆக்கிவிடும். குறைகிற ஸ்டாண்ட்ஆஃப்களையும் திருகுகளையும் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கும்போது பழையதில் ஒன்றைக் கையோடு கொண்டுபோவது உத்தமம், ஏனெனில் மரை அளவில் இரண்டு வகை உண்டு. மாற்றி முறுக்கினால் மரை தேய்ந்துவிடும்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் எக்காரணம் கொண்டும் வைத்துக்கொள்ளக் கூடாது. மற்ற எதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 2000க்கு முற்பட்ட கம்ப்யூட்டர்களில் பிராசசருக்கான மின்சாரம் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ்ஸின் 5 வோல்ட், 3.3 வோல்ட் மின் தடங்களிலிருந்தே எடுக்கப்பட்டது. இப்போதோ பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுத் தேவையையும் 12 வோல்ட் தடத்திலிருந்துதான் எடுக்கின்றன. ஆகவே பழைய பெட்டியின் மேல் 250 வாட் என்று ஒட்டியிருந்தாலும், 12 வோல்ட்டுக்கு நேராக 10 ஆம்பியர் என்றிருந்தால் உண்மையில் நமக்குப் பயன்படுவது 120 வாட் மட்டுமே. இருபது ஆண்டுகளில் அதன் கெபாசிட்டர்கள் உலர்ந்தோ உப்பியோ போயிருக்கும் என்பது வேறு. நல்வாய்ப்பாக, 150 மி.மீ. அகலமும் 86 மி.மீ. உயரமும் கொண்ட எஸ்எம்பிஎஸ்ஸின் முகப்பளவு அன்றும் இன்றும் ஒன்றுதான். நான்கு திருகுகளில் புதியது அமர்ந்துவிடும். நீளத்தை மட்டும் அளந்துகொள்ள வேண்டும், அதற்கு எதிரே டிவிடி டிரைவ் இருந்தால் கேபிள் வளைய இடம் இருக்காது.

சென்னையில் இந்த வேலையின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது வெப்பம். கத்திரி வெயில் நாட்களில் ஏ.சி. இல்லாத அறையின் காற்றே 35 டிகிரியைத் தொடும்போது, பின்னால் ஒரேயொரு 80 மி.மீ. ஃபேனும் முன்னால் பிளாஸ்டிக் முகப்பு மூடிய சில துளைகளும் மட்டுமே கொண்ட பழைய கேபினட்டுக்குள் காற்று உலைக்களம் போலத் தகிக்கும். எனவே 65 வாட் வகைப் பிராசசரையும், முடிந்தவரை அதற்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸையும் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். தனி கிராபிக்ஸ் கார்டு அவசியமானால், பின்தகட்டிலிருந்து ஹார்ட் டிஸ்க் கூண்டு வரையுள்ள நீளத்தை அளந்த பிறகே கடைக்குப் போக வேண்டும். பிராசசரின் மேல் அமர்ந்து அதைக் குளிர்விக்கும் கூலரின் உயரத்தையும் அப்படியே பார்க்க வேண்டும்: போர்டிலிருந்து பக்கக் கதவு வரையுள்ள இடைவெளியில் ஒரு சென்டிமீட்டராவது காற்றுக்கென்று மிஞ்ச வேண்டும். கீழ்ப்பகுதியில் முன்புறத் தகட்டை வட்டமாக வெட்டி 120 மி.மீ. ஃபேன் ஒன்றை உள்ளிழுக்கும்படி வைப்பது வேறு எந்தச் செலவையும்விட அதிகப் பலன் தரும். வலை மட்டும் போட்டால் போதாது, தூசுக்கு ஒரு ஃபில்டரும் வேண்டும்.

வெட்டுவது, அராவுவது, துளையிடுவது எல்லாம் கேபினட் காலியாக இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். இரும்புத் தூள் ஒரு துளி போர்டின் மேல் விழுந்தாலும் ஆபத்து. மலிவான பழைய தகடுகளின் விளிம்பு பிளேடு போலிருக்கும் என்பதால் அரத்தால் மழுங்கடித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் இருந்த கேபினட்டாக இருந்தால் மூலைகளில் துரு நிச்சயம் பிடித்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு அடித்து, பிறகு பெயின்ட் அடிக்கலாம். ஆனால் ஸ்டாண்ட்ஆஃப் அமரும் இடங்களிலும் எஸ்எம்பிஎஸ் தொடும் விளிம்பிலும் பெயின்ட் படக் கூடாது, அங்கே உலோகத்தோடு உலோகம் தொட்டால்தான் கேபினட்டுக்கு எர்த் கிடைக்கும். எர்த் இல்லாத பழைய வீடுகளில் எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள ஃபில்டர் கெபாசிட்டர்கள் காரணமாகக் கேபினட்டின் உடலில் ஏறத்தாழ பாதி மின்னழுத்தம் கசிந்து நின்று, தொட்டால் சுருக்கென்று உறைக்கும். இதற்குக் கம்ப்யூட்டரில் பரிகாரம் தேடுவதில் பயனில்லை. எலக்ட்ரீஷியனை அழைத்து மூன்று பின் பிளக்குக்கு முறையான எர்த் இழுக்க வேண்டும்.

முகப்பு வயர்களில் பவர் சுவிட்சுக்கு முன்பின் கிடையாது, எப்படிச் செருகினாலும் வேலை செய்யும். பவர் விளக்கின் இணைப்பு பழையவற்றில் மூன்று பின் அகலமாகவும் புதிய போர்டில் இரண்டு பின்னாகவும் இருப்பதால், ஊசியால் பிளாஸ்டிக் நாக்கைத் தூக்கி ஒரு வயரை உருவிப் பக்கத்துத் துளையில் செருக வேண்டியிருக்கும். முன்பக்க யுஎஸ்பி வயர்கள் தனித்தனியாக வந்திருந்தால் மிகுந்த கவனம் தேவை: சிவப்பு 5 வோல்ட், வெள்ளையும் பச்சையும் தகவலுக்கு, கறுப்பு கிரவுண்ட் என்பது வழக்கம் என்றாலும், மலிவான கேபினட்டுகளில் நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரால் சோதித்த பிறகே இணைக்க வேண்டும். சிவப்பு இடம் மாறினால் பென் டிரைவும் சேர்ந்து போகும்.

இவற்றையெல்லாம் பூட்டும் முன் போர்டு, பிராசசர், ரேம், எஸ்எம்பிஎஸ் நான்கையும் அட்டைப்பெட்டியின் மேல் வைத்து ஒருமுறை இயக்கிப் பார்த்துவிட வேண்டும். பூட்டி முடித்த பின், ஒரு மதிய வேளையில் பக்கக் கதவை மூடி அரை மணி நேரம் கடுமையான வேலை கொடுத்துப் பிராசசரின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, கதவைத் திறந்து வைத்து மீண்டும் அதையே செய்ய வேண்டும். இரண்டுக்கும் இடையே 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். கதவில் கூலருக்கு நேராக இன்னொரு திறப்பு வேண்டியிருக்கும், அதைக் கதவைத் தனியே கழற்றி வெளியே கொண்டுபோய்தான் வெட்ட வேண்டும்.