உடல்நிலைக்கு ஏற்ற வேகத்தில் ஒரு வடிவமைப்புத் தொழில்: தோட்டப்புற ஊருக்கான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் வடிவமைப்பாளரைத் தேடி வரும் வேலைகள் தெரிந்தவைதான். கோயில் திருவிழா நோட்டீஸ், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், கல்யாணப் பத்திரிகை, இரங்கல் அறிவிப்பு, கடைப் பலகை, சாப்பாட்டுக் கடை மெனு. இவற்றில் பெரும்பாலானவை இப்போது வாட்ஸ்அப்பில் படமாகவே போய்ச் சேர்கின்றன. பார்வையற்றவரின் கைப்பேசி அந்தப் படத்தை ஒழுங்காக வாசிப்பதில்லை. கண் மங்கிய பாட்டி விரலால் பெரிதாக்கினால் எழுத்து உடைந்துபோகிறது. இந்தக் குறையைத் தீர்த்து, தீர்ந்துவிட்டது என்று அளந்தும் காட்டுகிறவருக்கு ஊரிலேயே வேலை இருக்கிறது. மாற்றுத்திறனாளியாக இந்தத் தொழிலைத் தொடங்குவோர் எல்லா வேலையையும் ஒரேயடியாக இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். திருவிழா நோட்டீஸ் ஒன்றைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொண்டால் மற்றவை அதிலிருந்தே வரும்.

நோட்டீஸ்: நான்கு வடிவம், ஒரே விலை

வாடிக்கையாளருக்கு அச்சுக்கான கோப்பு, வாட்ஸ்அப் படம், அதே விவரம் தட்டச்சு செய்த செய்தியாக, திரைவாசிப்பான் (திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்) படிக்கக்கூடிய பிடிஎஃப் ஆகிய நான்கையும் சேர்த்துக் கொடுங்கள். தட்டச்சுச் செய்தியே மிக எளியது. அதிகம் பயன்படுவதும் அதுதான். நாள், நேரம், இடம், தொடர்பு எண் முதல் நான்கு வரிகளுக்குள் வந்துவிட வேண்டும்.

கோயில் நோட்டீஸில் பெரிய சிக்கல் உபயதாரர் பட்டியல். நிர்வாகம் ஒரு பெயரையும் விடச் சம்மதிக்காது, அது நியாயமும்கூட. பெயர்களைக் குறைக்கச் சொல்லி வாதாடாமல், அவற்றுக்கென்று இரண்டாம் பக்கத்தை முழுதாக ஒதுக்குங்கள். முதல் பக்கத்தில் தெய்வப் படம், பூசை நேரம், அன்னதான நேரம், வாகனம் நிறுத்துமிடம், சக்கர நாற்காலியில் வருவோருக்கான வாசல் மட்டும் இருக்கட்டும். அந்த வாசல் எது என்று கேட்டால் பல நிர்வாகங்கள் அப்போதுதான் யோசிக்கத் தொடங்கும். அதற்காகவே கேளுங்கள்.

தமிழ் எழுத்து எங்கே உடைகிறது

பழைய கோப்புகள் பல பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கும். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துக்குறிகள். ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளாக விழுந்தால் திரைவாசிப்பானும் அப்படித்தான் படிக்கும். அதை எல்லாக் கருவிகளும் தமிழாகவே அறியும் யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியபின் ஒவ்வொரு பெயரையும் மெய்ப்புப் பார்க்க வேண்டும். மாற்றிகள் கிரந்த எழுத்துகளிலும் கொம்பு வரும் இடங்களிலும் தடுமாறும்.

இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் 'கொ' என்று அடிக்கும்போது கொம்பு எழுத்தின் பின்னால் போய் நின்றால், அல்லது புள்ளி வட்டம் தோன்றினால், பிழை எழுத்துருவில் இல்லை. பத்தி அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்' தேர்வாகவில்லை என்று பொருள். போட்டோஷாப்பின் சில பதிப்புகளில் இது 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்று இருக்கும். முதல் நாளே இதை மாற்றி, அந்த அமைப்போடு ஒரு வெற்றுக் கோப்பைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டும் இலவசம், தெளிவானவை. மெல்லிய வகைகளைத் தொட வேண்டாம்: சிறிய அளவில் ன, ண இரண்டின் சுழிகளும் ஒட்டிக்கொண்டு ஒன்றுபோல் தெரியும். அச்சில் 12 புள்ளிக்குக் கீழே போகாதீர்கள். முதியோர் கையில் சேரும் நோட்டீஸுக்கு 14, பெரிய எழுத்துப் படி கேட்டால் 18. வரி இடைவெளி ஒன்றரை மடங்கு. இருபுறமும் நேராக்கும் அமைப்பு தமிழுக்கு ஒத்துவராது. சொற்கள் நீளமானவை என்பதால் வரிக்கு நடுவே பெரிய வெற்றிடங்கள் விழும். இடப்பக்கம் மட்டும் நேராக இருந்தால் போதும்.

பிடிஎஃப் சேமிக்கும்போது ஆவண மொழி தமிழ் என்று குறியுங்கள். மலாய்ப் பத்தி இருந்தால் அதற்குத் தனியாக மலாய் என்று குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மொழியின் குரல் இன்னொரு மொழியைக் கடித்துக் குதறும். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானில் தமிழ்க் குரல் இருக்கிறது. கோப்பை அனுப்புமுன் அதில் முழுதும் கேளுங்கள். வரிசை மாறியிருந்தால் காதுக்கு உடனே தெரிந்துவிடும்.

நிறம்

2023-இல் வெளியான, இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்துவதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 வழிகாட்டியின் ஏஏ நிலைப்படி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு 4.5-க்கு 1 இருக்க வேண்டும். பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 போதும். கோயில் நோட்டீஸின் வழக்கமான சுத்தச் சிவப்பு, சுத்த மஞ்சள் மேல் சுமார் 3.7 தான் கிடைக்கும். தலைப்புக்குத் தாங்கும், நேர அட்டவணைக்குத் தாங்காது. சிவப்பை ஆழ்ந்த குங்கும நிறமாக்கினால் 9-ஐத் தாண்டும், மங்கலமும் கெடாது. நிர்வாகத்திடம் இரண்டையும் அச்சடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், விளக்கம் தேவைப்படாது. அளக்க 'கலர் கான்ட்ராஸ்ட் அனலைசர்' என்ற இலவசக் கருவி உண்டு. கல்யாணப் பத்திரிகையின் தங்கத் தகட்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது: தகடு வெளிச்சத்தில் மினுங்கி எழுத்தை மறைக்கும். தகடு அலங்காரத்தோடு நிற்கட்டும். முகூர்த்த நேரமும் மண்டபப் பெயரும் மையில் இருக்கட்டும்.

கடைப் பலகைக்குப் பலகைக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு, பத்தடித் தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து. எதிர்ச் சாரியில் நாற்பதடி தள்ளி நிற்பவருக்கு நான்கு அங்குலம். அந்த அளவு கொம்பையும் காலையும் சேர்த்ததன்று, 'க' என்ற எழுத்தின் உயரம். பலகைக்கு நகராண்மைக் கழகத்தின் உரிமமும் முதன்மையான மலாய் வாசகமும் வேண்டும். வடிவமைக்கத் தொடங்குமுன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடமும் உடலும்

தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டிலேயே தொழில் செய்வது மேல். பழைய கடைவீடுகளில் ஐந்தடியின் (கடை முன் நடைபாதையின்) மட்டம் கடைக்குக் கடை மாறும், சக்கர நாற்காலிக்குச் சரிவராது. வீட்டு வாசலில் 15 சென்டிமீட்டர் படி ஒன்று இருந்தால் 1-க்கு 12 என்ற சரிவில் 1.8 மீட்டர் நீளச் சாய்தளம் தேவை. இடமில்லை என்று குறுக்கினால் ஏறும்போது நாற்காலி பின்னால் சாயும். லோங்காங் (வாசல் வடிகால்) மேல் போடும் இரும்பு மூடியின் கம்பிகள் போகும் திசைக்குக் குறுக்கே இருக்க வேண்டும். நீளவாக்கில் இருந்தால் முன்சக்கரம் இடுக்கில் இறங்கிவிடும்.

மேசையைக் கடையில் பார்த்து வாங்காமல், நாற்காலியின் கைப்பிடி உயரத்தை அளந்து, அதற்கு மேல் இரண்டு விரல் இடம் விட்டு உள்ளூர்த் தச்சரிடம் செய்யுங்கள். கை வலி உள்ளவருக்கு மணிக்கட்டை அசைக்காமல் உருண்டையை விரலால் உருட்டும் டிராக்பால் சுட்டி உதவும். விண்டோஸில் ஷிப்டை ஐந்து முறை அழுத்தினால் ஸ்டிக்கி கீஸ் வரும்: விசைகளைச் சேர்த்து அழுத்தாமல் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தலாம். ஒரு விரலால் எல்லாக் குறுக்குவிசைகளையும் இயக்கலாம். கூகல் குரல் தட்டச்சில் 'தமிழ் (மலேசியா)' உண்டு. தோட்டப் பெயர்களையும் மலாய் இடப் பெயர்களையும் அது அடிக்கடி தவறாகக் கேட்கும், அவற்றைக் கையால் திருத்துங்கள்.

மாலை இடிமழைக்கு மின்சாரம் போனாலும் கணினியைச் சற்று நேரம் ஓடவைக்கும் யூபிஎஸ் ஒன்று அவசியம். சிறியதே போதும்: வேலையைச் சேமித்து அணைக்கச் சில நிமிடங்கள் கிடைத்தால் சரி. இடி நெருங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

நேரமும் விலையும்

நல்ல நாளில் ஆறு மணி நேரம் உழைக்க முடிந்தால், வேலை ஏற்கும்போது மூன்றரை என்று கணக்கிடுங்கள். மீதி மருத்துவமனைக்கும் வலி நாளுக்கும். இந்த இடைவெளி வைக்காதவர்கள் தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் இடையில் படுத்துவிடுகிறார்கள். படுத்தால் வருமானமும் போகிறது, பெயரும் போகிறது. இறுதி வாசகம் அச்சுக்கு 14 நாள் முன் வர வேண்டும், பாதிப் பணம் முன்பணம், இரண்டு திருத்தம் இலவசம், மூன்றாவதிலிருந்து கட்டணம். இதை எழுத்தில் கொடுங்கள். தெரிந்தவர், கோயில் காரியம் என்று வந்தாலும் கொடுங்கள்.

நான்கு மணி நேர வேலைக்கு எழுத்துச் சோதனையும் தட்டச்சுச் செய்தியும் இன்னொரு மணி நேரம் பிடித்தால், ஐந்து மணி நேரத்துக்கு வாங்குங்கள். சோதனையை ரசீதில் தனி வரியாகக் காட்டுங்கள். மறைத்து இலவசமாகச் செய்தால் அடுத்த முறை யாரும் அதற்குக் காசு தரமாட்டார்கள். பார்வையற்ற ஒருவரிடம் சோதித்துப் பார்க்கக் கொடுத்தால் அவருக்கும் கூலி கொடுக்க வேண்டும்.

பதிவுகள்

தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவு. சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60. எஸ்எஸ்எம்மின் இஸிபிஸ் இணையதளத்தில் வீட்டிலிருந்தே செய்யலாம். ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டை இல்லாவிட்டால் சமூகநல இலாகாவில் பதியுங்கள். சுங்கை சிப்புட்டுக்கு அது கோலகங்சார் மாவட்ட அலுவலகம். அதே இலாகாவின் தொடக்க மானியம், கெரான் பெலஞ்சாரான், கருவி வாங்க உதவும். விலைப்பட்டியல்களையும் மாத வருமானக் கணக்கையும் கையோடு கொண்டு போங்கள். வருமானவரிக்குப் படிவம் பி, கடைசி நாள் ஜூன் 30. ரசீதுகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதால், அனல் அச்சு ரசீதுகள் வெளிறுமுன் படம் எடுத்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் நான்கு வடிவங்களையும், பயன்படுத்திய நிற எண்களையும், எழுத்துருப் பெயரையும் ஒரே கோப்புறையில் போட்டு ஆண்டும் கோயில் பெயரும் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு நிர்வாகம் மாறி, புதிய செயலாளர் "போன வருஷ நோட்டீஸ் மாதிரியே வேணும்" என்று கேட்பார். அரை நாள் வேலை மிச்சமாகும்.