ஆடு குட்டி போட்டதும் என்ன செய்வது? முதல் மணி நேரத்திலிருந்து மூன்றாம் மாதம் வரை

பெங்களூரில் ஆனேக்கல், சந்தாபுரா, சர்ஜாபூர் பக்கம் கொஞ்சம் இடம் வைத்திருக்கும் நம் ஆட்கள் பலர் இப்போது இரண்டு மூன்று பால் ஆடு வளர்க்கிறார்கள். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து தலைச்சேரி ஆட்டைச் சினையாகவே வாங்கி வருகிறார்கள். ஆட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். வளர்த்துப் பழக்கமில்லாத வீட்டில் அது குட்டி போடும் இரவில் பதற்றம் வந்துவிடும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆடு வாங்கும்போது மனசில் இருப்பது பால்தான். ஆனால் முதல் ஐந்து நாள் பால் முழுக்கக் குட்டியுடையது. யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

நான்கைந்து பழைய பருத்தித் துண்டு, டிங்ச்சர் அயோடின், வெள்ளை நூல், புது பிளேடு, ரப்பர் கையுறை, தெர்மாமீட்டர், ரப்பர் காம்பு போட்ட பால்புட்டி. தரையில் விரிக்க ராகித் தாள் (கேழ்வரகு வைக்கோல்) இந்தப் பக்கம் எளிதாகக் கிடைக்கும், நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள். சூட்டுக்குப் பல்பு வாங்கும்போது கவனம்: எல்இடி பல்பில் வெளிச்சம் வரும், சூடு வராது. பழைய குண்டு பல்போ அகச்சிவப்பு பல்போதான் வேண்டும்.

படி 1: முதல் அரை மணி நேரம்

குட்டி விழுந்ததும் மூக்கிலும் வாயிலும் இருக்கும் சளியைத் துணியால் வழித்து எடுங்கள். மூச்சு வரத் தாமதமானால் ஒரு வைக்கோல் குச்சியால் மூக்குக்குள் லேசாகக் கிச்சுகிச்சு மூட்டுங்கள், தும்மிவிட்டு மூச்சு இழுக்கும். விலாவைத் துண்டால் அழுத்தித் தேய்த்தாலும் நல்லது. அதற்குமேல் தாய் பார்த்துக்கொள்ளும். அது நக்கும்போது நடுவே போகாதீர்கள். அந்த நக்கலில்தான் குட்டி காய்கிறது, ரத்த ஓட்டம் பிடிக்கிறது, தாய்க்கும் தன் குட்டியின் வாசனை பதிகிறது. குட்டியைத் தண்ணீரில் கழுவவே கூடாது.

தொப்புள்கொடி தானாக அறுந்திருக்கும். நீளமாகத் தொங்கினால் வயிற்றிலிருந்து மூன்று விரற்கடை விட்டு நூலால் கட்டி, அதற்குக் கீழே வெட்டுங்கள். பிறகு ஒரு சின்ன மூடியில் அயோடின் ஊற்றி, கொடி முழுதும் அதில் முங்கும்படி பிடியுங்கள். பஞ்சால் தடவினால் போதாது. காலை மாலை என இரண்டு மூன்று நாள் செய்யுங்கள். சில வாரம் கழித்துக் குட்டியின் முழங்கால் வீங்கி நொண்டுவதற்கு, ஈரத் தொப்புள் வழியாக ஏறிய கிருமி பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

படி 2: சீம்பால்

ஆட்டுக்குட்டி நோய் எதிர்ப்புச் சக்தி ஏதுமில்லாமல்தான் பிறக்கிறது. வயிற்றில் இருக்கும்போது நஞ்சுக்கொடி வழியாக அது குட்டிக்குப் போவதில்லை. எல்லாமே ஈன்றதும் முதலில் சுரக்கும் சீம்பாலில் வருகிறது. அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் தன்மை குட்டியின் குடலுக்கு முதல் சில மணி நேரம் முழுதாக இருக்கும், பிறகு குறைந்துகொண்டே வந்து ஒரு நாளில் நின்றுவிடும். இரண்டாம் நாள் எவ்வளவு புகட்டினாலும் முதல் நாள் விட்டதை ஈடுகட்ட முடியாது.

எனவே ஒரு மணி நேரத்துக்குள் முதல் வாய் போக வேண்டும். மடியை வெதுவெதுப்பான நீரில் துடைத்து, ஒவ்வொரு காம்பிலும் இரண்டு மூன்று பீய்ச்சு வெளியே விடுங்கள். காம்பு நுனியில் அடைத்திருக்கும் மெழுகு போன்ற கட்டி வெளியே வரும். பிறகு குட்டியைக் காம்பில் சேர்த்துவிடுங்கள். வால் வேகமாக ஆடினால் பால் போகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

முதல் 24 மணி நேரத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு போக வேண்டும். இரண்டரைக் கிலோ குட்டிக்கு 250 மில்லி, நான்கைந்து தடவையாக. மூன்று குட்டி போட்டிருந்தால் சின்னக் குட்டியை மற்ற இரண்டும் தள்ளிவிடும், அதைத் தனியாகப் பிடித்து ஊட்டுங்கள். புட்டியில் கொடுத்தால் குட்டி நின்றபடியே குடிக்கட்டும். மல்லாத்திப் பிடித்துப் புகட்டினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். மிஞ்சிய சீம்பாலை ஃப்ரீசரில் உறையவைத்து வையுங்கள், அடுத்த ஈத்துக்கு உதவும். வெதுவெதுப்பான நீரில் புட்டியை நிறுத்தி இளக்குங்கள். அடுப்பில் காய்ச்சினால் திரிந்துவிடும், அதன் சக்தியும் போய்விடும்.

படி 3: சூடு

டிசம்பர், ஜனவரியில் இங்கே இரவு 15 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கும். ஈரக் குட்டிக்கு அது கடும் குளிர். குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். வாய் ஜில்லென்று இருந்தால் முதலில் சூடு, பிறகுதான் பால். இந்த வரிசையை மாற்றக் கூடாது. உடல் குளிர்ந்த குட்டிக்குச் செரிக்கும் சக்தியும் இல்லை, சரியாக விழுங்கவும் வராது. குட்டியின் உடல் வெப்பம் 102, 103 ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும். துண்டில் சுற்றி, பல்பைக் குட்டிக்கு மூன்றடி உயரத்தில் சங்கிலியில் தொங்கவிடுங்கள். வயரைத் தாய் கடிக்காதபடியும், பல்பு தாளில் விழாதபடியும் கட்டுங்கள். கொட்டகை தீப்பிடிக்க அது ஒன்று போதும்.

படி 4: தாயைக் கவனிப்பது

ஈன்றதும் வெல்லம் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு வாளி, பிறகு பசுந்தழை, கொஞ்சம் தவிட்டுக் கஞ்சி. பால் கூடட்டும் என்று அன்றைக்கே தீவனத்தைக் கொட்டாதீர்கள், பத்து நாளில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சோற்றைக் கொண்டுவந்து கொட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். சோறு வயிற்றில் புளித்து அமிலமாகி, நல்ல ஆட்டையே ஒரே நாளில் கொன்றுவிடும்.

நஞ்சுக்கொடி பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்குள் விழும். தொங்குகிறதே என்று இழுக்கவோ, கல்லையும் செருப்பையும் கட்டித் தொங்கவிடவோ கூடாது, கருப்பை கிழியும். 12 மணி நேரம் தாண்டினால் மருத்துவர் வர வேண்டும். விழுந்ததைக் கையுறை போட்டு எடுத்து, தெருநாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

பழுப்புச் சிவப்பில் கசிவு இரண்டு மூன்று வாரம் இருக்கும், அது இயல்பு. நாற்றம் அடித்தால் இயல்பு இல்லை. மடியில் ஒரு பக்கம் மட்டும் சூடாகக் கல் மாதிரி இருந்தாலும், பாலில் திரி திரியாக வந்தாலும் மடிநோய். காது ஜில்லிட்டு, தள்ளாடி, படுத்துவிட்டால் சுண்ணாம்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். இதற்கெல்லாம் காலை வரை காத்திருக்காதீர்கள். 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியைக் கூப்பிடலாம், ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் மருத்துவமனை இருக்கிறது.

படி 5: அடுத்த வாரங்கள்

இரண்டாம் வாரத்தில் அகத்தி, மல்பெரித் தழையைக் குட்டியின் வாய்க்கு எட்டும்படி கட்டித் தொங்கவிடுங்கள். கொறிக்கக் கொறிக்கத்தான் அசைபோடும் வயிறு வளரும். மூன்று நான்கு வாரத்தில் ரத்தக்கழிச்சல் வரும் வயசு. ஈரத் தரைதான் அதற்கு வீடு, தாளைத் தினமும் மாற்றுங்கள். குடற்புழு மருந்தை மருத்துவர் எடை பார்த்துச் சொல்லும் அளவில் கொடுங்கள். மூன்று நான்கு மாதத்தில் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய்க்கும் தடுப்பூசி. பாலை மூன்றாம் மாதவாக்கில் மறக்கடிக்கலாம்.

படி 6: பால் கறப்பது

மூன்றாம் வாரத்திலிருந்து இரவில் குட்டிகளைத் தனியாக அடைத்து, காலையில் ஒரு தடவை கறந்துகொண்டு, பகல் முழுக்கத் தாயோடு விட்டுவிடுங்கள். குட்டி மெலிந்தால் கறப்பதை நிறுத்துங்கள். டெங்கு காலத்தில் ஆட்டுப்பால் கேட்டு வாசலில் ஆள் வந்து நிற்பார்கள். அது ரத்தத் தட்டணுவைக் கூட்டும் என்பதற்கு உறுதியான மருத்துவ ஆதாரம் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். பச்சையாகக் குடிக்க யாருக்கும் கொடுக்காதீர்கள். காய்ச்சாத ஆட்டுப்பால் வழியாகப் புருசெல்லா கிருமி மனிதருக்கு வரலாம், வந்தால் மாதக்கணக்கில் காய்ச்சலும் மூட்டுவலியும் படுத்தும். உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் பொங்கக் காய்ச்சித்தான்.