ஒளிரும் பாக்டீரியாவைக் கொண்டு நிலத்தடி நீரில் ஆர்செனிக்கை அளப்பது எப்படி?

வியட்நாமின் சிவப்பு ஆற்றுப் படுகையில் அடிகுழாயிலிருந்து இறைத்த நீர் முதலில் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். வாளியில் சற்று நேரம் நின்றால் செம்பழுப்பாகக் கலங்கி, அடியில் துருபோன்ற வண்டல் படியும். நீரில் கரைந்துள்ள இரும்பு காற்றுபட்டுத் துருவாகும்போது ஆர்செனிக்கையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கீழிறங்குவதால், மேலே தெளிந்த நீரை மட்டும் அளந்தால் விடை குறைவாகவே வரும். எனவே, இரும்பு துருவாகிப் படியாதிருக்க, நீரை எடுத்த உடனேயே, கிணற்றடியில் வைத்தே, நைட்ரிக் அமிலம் சேர்த்து அதன் பிஎச் மதிப்பை 2க்குக் கொண்டுவாருங்கள்.

நுண்ணுயிரியல் ஆய்வாளர் யான் ரூலோஃப் வான் டெர் மீர் குழுவினர் 2003இல் வெளியிட்ட பாக்டீரியா உணரிகளை வைத்தே இங்கு விளக்குகிறேன். நோய் விளைவிக்காத ஆய்வக ஈ.கோலை வகையில், ஒளிதரும் லூசிஃபெரேஸ் நொதிக்கான மரபணுவை ஆர்ஸ்-ஆர் என்னும் புரதம் பூட்டி வைத்திருக்கும். உயிரணுவுக்குள் ஆர்செனிக்கின் ஒரு வடிவமான ஆர்செனைட் நுழைந்து அப்புரதத்தைப் பற்றியதும் பூட்டு விலகி, நொதி உருவாகத் தொடங்கும்.

ஆய்வகத்தில் பைரோபாஸ்பேட் என்னும் உப்பைச் சேர்த்து நீரை நடுநிலைக்குக் கொண்டுவந்த பின், உறைநிலையிலிருந்து எடுத்த பாக்டீரியாவை அதனுடன் கலந்து, 30 டிகிரி செல்சியஸில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் குலுக்கி வையுங்கள். பின்னர், அந்த நொதி ஒளிர்வதற்குத் தேவையான டெக்கனால் என்னும் வேதிப்பொருளைச் சேர்த்து, லூமினோமீட்டர் என்னும் கருவியில் ஒளியை அளக்க வேண்டும். ஒப்பிடுவதற்கான அளவுகோலாக, ஆர்செனிக் இல்லாத நீரையும், லிட்டருக்கு 5, 10, 20, 50 மைக்ரோகிராம் ஆர்செனைட் சேர்த்த நீரையும் அதே வேளையில், அதே பாக்டீரியாவைக் கொண்டு சோதிக்க வேண்டும். நேற்றைய அளவுகோலை இன்றைக்குப் பயன்படுத்த வேண்டாம். பாக்டீரியாவின் துடிப்பு ஒவ்வொரு தொகுதியிலும் மாறும்.

ஒளி வரவில்லை என்றால் நீர் தூயது என்று உடனே எழுதிவிடாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அந்த நீரை ஒரு குடும்பம் நாளும் குடிக்கப்போகிறது என்பதுதான். வேறொரு நச்சு பாக்டீரியாவையே முடக்கியிருக்கலாம். ஆர்செனிக் மிக அதிகமாக இருந்தாலும் ஒளி மங்கிவிடும். அதே மாதிரியின் இன்னொரு பகுதியில் தெரிந்த அளவு ஆர்செனைட்டைச் சேர்த்துப் பாருங்கள். அப்போதும் ஒளி கூடாவிட்டால் அந்த விடை செல்லாது; மாதிரியைத் தூய நீர் கலந்து நீர்க்கச் செய்து மீண்டும் அளக்க வேண்டும்.

2005இல் வெளியான ஆய்வில் வியட்நாமின் 194 நிலத்தடி நீர் மாதிரிகளை இம்முறையில் அளந்து, அணு உறிஞ்சல் முறை என்னும் வழக்கமான கருவி முறையின் விடைகளோடு ஒப்பிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவான லிட்டருக்கு 10 மைக்ரோகிராமை ஒட்டி விடை வரும்போது நீங்களும் அவ்வாறே சரிபாருங்கள்.

மரபணு மாற்றிய உயிரி என்பதால், உரிய அனுமதி பெற்ற ஆய்வகத்தில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். சோதனை முடிந்ததும் சோதனைக் குழாய்களை ஆட்டோகிளேவ் என்னும் நீராவி அழுத்தக் கலனில் 121 டிகிரி செல்சியஸில் வைத்துப் பாக்டீரியாவை அழியுங்கள். அந்த வெப்பத்தில் ஆர்செனிக் அழியாது. ஆகவே எஞ்சிய கரைசலைத் தொட்டியில் கொட்டாமல் நச்சுக் கழிவாகத் தனியே சேர்த்து ஒப்படையுங்கள்.