குவாக்கமோலே: ருசி கெடுவது எங்கே?

அவகாடோ என்ற வெண்ணெய்ப் பழத்தை மசித்துச் செய்யும் குவாக்கமோலே சரியாக வரவில்லை என்றால் பலரும் செய்முறையைத்தான் சந்தேகப்படுகிறார்கள். பூண்டு சேர்த்திருக்கலாமோ, சீரகத் தூள் போட்டிருக்கலாமோ என்று யோசனை ஓடுகிறது. உண்மையில் பழம் வாங்கும்போதே பாதி முடிவாகிவிடுகிறது. அஸ்டெக் மக்கள் காலத்திலிருந்து மெக்சிகோவில் செய்துவரும் இந்த உணவில் அடுப்பு வேலையே கிடையாது. வேகவைத்தோ வதக்கியோ குறையை மறைக்க வழியில்லை. காயாக இருக்கும் அவகாடோவை எந்த மசாலாவும் காப்பாற்றாது.

அவகாடோ மரத்தில் இருக்கும்வரை பழுக்காது; பறித்த பிறகுதான் கனியத் தொடங்கும். அதனால் கல் மாதிரி இருக்கும் காயை வாங்கி அன்றே மசிக்க நினைப்பது வீண். அறை வெப்பத்தில் சில நாள் விட்டுவிடுங்கள். அவசரம் என்றால் ஒரு வாழைப்பழத்தோடு காகிதப் பையில் போட்டு மூடி வையுங்கள். வாழைப்பழம் வெளியிடும் எத்திலீன் வாயு கனிவதை வேகப்படுத்தும். மைக்ரோவேவில் வைத்துப் பழுக்க வைக்கலாம் என்று சொல்வதை நம்பாதீர்கள். சூட்டில் சதை மெத்தென்று ஆகும், பழுக்காது; பழுத்த பழத்தின் வெண்ணெய் போன்ற ருசி அதில் வரவே வராது. காயைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜில் வைப்பதும் தவறுதான். குளிரில் கனிவது தடைபடும். நன்றாகப் பழுத்த பிறகு வைத்தால் அதே ஃப்ரிட்ஜ் இரண்டு மூன்று நாள் கைகொடுக்கும்.

தோல் கறுத்தால் பழுத்துவிட்டது என்ற கணக்கு ஹாஸ் ரகத்துக்குத்தான் பொருந்தும். ஃபுவெர்த்தே போன்ற ரகங்கள் பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும். நிறத்தைவிடக் கையை நம்புவது நல்லது. பழத்தை உள்ளங்கையில் வைத்து மெதுவாக அழுத்தினால் லேசாக இளகிக் கொடுக்க வேண்டும். விரல் நுனியால் குத்திப் பார்க்காதீர்கள். குத்திய இடம் உள்ளே கன்றிப்போகும்.

தோலைத் தின்னப் போவதில்லையே என்று கழுவாமல் நறுக்குகிறவர்கள் அதிகம். தோலில் இருக்கும் கிருமியைக் கத்தி சதைக்குள் கொண்டுபோய்விடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் வெளியிட்ட பரிசோதனை முடிவில், தோலைச் சோதித்த மாதிரிகளில் ஆறில் ஒன்றுக்கும் மேல் லிஸ்டீரியா கிருமி இருந்தது. குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, துடைத்துவிட்டு நறுக்குங்கள். கொட்டையை எடுக்கும்போது பாதிப் பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கத்தியால் ஓங்கிக் கொத்தவே கூடாது. கத்தி வழுக்கி உள்ளங்கையில் இறங்கி, நரம்பு அறுபட்டு மருத்துவமனைக்குப் போனவர்கள் நிறைய. பலகையில் வைத்து நீளவாக்கில் நாலாக வகுந்தால் கொட்டை கையோடு வந்துவிடும்.

சரி, இனி மசிப்பது. மிக்ஸியில் போட்டால் பசை மாதிரி வழவழவென்று ஆகிவிடும். அங்கங்கே துண்டு தட்டுப்பட வேண்டிய பதம் போய்விடும். மெக்சிகோவில் மோல்காஹெத்தே என்ற எரிமலைக் கல் உரலில் வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை, உப்பு இவற்றை முதலில் நசுக்கி, அதன்மேல்தான் அவகாடோவைப் போடுவார்கள். இந்த வரிசைதான் விஷயம். உப்பின் சொரசொரப்பில் மிளகாயும் வெங்காயமும் நசுங்கி, சாறு விட்டு, பழம் முழுக்கப் பரவும். எல்லாவற்றையும் கடைசியில் தூவினால் ஒரு வாய் சப்பென்றும் அடுத்த வாய் சுருக்கென்றும் இருக்கும். உரல் இல்லையா, அகலக் கிண்ணமும் முள்கரண்டியும் போதும். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

நடுத்தர அளவில் மூன்று ஹாஸ் பழத்துக்குப் பொடியாக நறுக்கிய வெள்ளை வெங்காயம் கால் கப், ஒரு செரானோ மிளகாய் (மெக்சிகோவின் சிறிய, காரமான பச்சை மிளகாய்), ஒரு கைப்பிடி கொத்தமல்லி, அரை தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு என்று தொடங்கலாம். சப்பென்று இருந்தால் உடனே எலுமிச்சையைத் தேடாதீர்கள், முதலில் உப்பைக் கூட்டிப் பாருங்கள். இவ்வளவு கொழுப்புள்ள பழம் நாம் நினைப்பதைவிட அதிக உப்பு கேட்கும். நிறம் மாறாமல் இருக்கட்டும் என்று எலுமிச்சையை ஊற்றிக்கொண்டே போனால் பழத்தின் ருசி புளிப்பில் மூழ்கிவிடும். மெக்சிகோவிலேயே எலுமிச்சை சேர்க்காமல் செய்கிறவர்கள் உண்டு. பாட்டிலில் வரும் சாறு மட்டும் வேண்டவே வேண்டாம். தக்காளி சேர்ப்பதானால் விதையையும் நீரையும் எடுத்துவிட்டுச் சதையை மட்டும் போடுங்கள், இல்லையென்றால் சிறிது நேரத்தில் தண்ணீர் விட்டுக்கொள்ளும். மயோனைஸ், க்ரீம் எதுவும் தேவையில்லை. நல்ல பழத்திலேயே அந்தக் கொழுமை இருக்கிறது.

மிஞ்சியதை எடுத்துவைக்கும்போது நடுவில் கொட்டையைப் புதைத்து வைத்தால் கறுக்காது என்பார்கள். கொட்டைக்கு அப்படி ஒரு சக்தி இல்லை. சதையில் உள்ள ஒரு நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து வேலை செய்வதால்தான் நிறம் மாறுகிறது. கொட்டை மூடியிருக்கும் இடத்தில் காற்று படுவதில்லை, அவ்வளவுதான். ஆகவே காற்றைத் தடுப்பதுதான் வழி. சிறிய கிண்ணத்தில் இடைவெளி இல்லாமல் அழுத்தி நிரப்பி, பிளாஸ்டிக் உறையை மேற்பரப்பில் ஒட்டினாற்போல் படியவிட்டு, ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் மேலே கொஞ்சம் பழுப்பேறியிருந்தால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிட வேண்டாம். அந்தப் படலத்தை வழித்தெடுத்தால் கீழே பச்சையாகவே இருக்கும். அப்புறம், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் பரிமாறாமல் ஒரு பத்து நிமிடம் வெளியே வைத்து, மறுபடி உப்பு பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்ந்திருக்கும்போது உப்பும் காரமும் மங்கலாகத்தான் தெரியும்.