மலையேற்றத்துக்குக் கம்பளி சாக்ஸ்: உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க

டாப்சிலிப், வால்பாறைப் பக்கம் மலையேறப் பருத்தி சாக்ஸ் வேண்டாங்க. அது வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும். கொப்புளம் அதனால்தான் வருகிறது.

கம்பளியிலும் 100 சதவீதம் கம்பளி என்றால் குதிகால் சீக்கிரம் தேய்ந்துவிடும். மெரினோ (மென்மையான ஆட்டுக் கம்பளி) 60–70 சதவீதம், நைலான் 25–35 சதவீதம், மீதி எலாஸ்டேன் (இழுபடும் நூல்) கலந்ததே உழைக்கும். உள்பக்கம் திருப்பிப் பாருங்க: குதிகாலிலும் விரல் பகுதியிலும் சுருள் நூல் நெருக்கமாக இருக்கணும். கையை உள்ளே விட்டு வெளிச்சத்தில் பிடியுங்க. விரல் தெரிந்தால் கிழியப்போகிற இடம் அதுதான். விரல்முனைத் தையல் தட்டையாக இருக்கட்டும். அளவு பெரிதானால் மடிப்பு விழுந்து உரசும்.

மழைக்காலத்தில் ரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு இது மட்டும் போதாது, மேலே நெருக்க நெசவுத் துணியில் தைத்த அட்டை உறையும் போடணும்.

துவைக்கக் குளிர்ந்த தண்ணீர், காயவைப்பது நிழலில்.